கிளட்ச் ஒயர் அறுந்த அன்று: ஆசனூரிலிருந்து சத்தி வரை

கோபிக்காரன்:

போன மாதம் தாளவாடியில் பங்காளி வீட்டு விசேஷம். பந்தி முடிந்து பேசிக்கொண்டே இருந்ததில் பைக்கில் கிளம்பும்போதே பொழுது சாயத் தொடங்கிவிட்டது. ஆசனூருக்குள் நுழையும்போது கியர் இறக்கக் கிளட்ச் லிவரைப் பிடித்தேன், அது பாட்டுக்கு வந்து கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. ஒயர், நுனியிலிருக்கும் உலோகக் குமிழான நிப்பிள் ஓரத்தில் அறுந்திருந்தது. ஒரு வாரமாகவே இழை இழையாகப் பிரிந்து விரலைக் குத்திக்கொண்டிருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது என் தப்புதான்.

அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும், பொழுதோட வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கிற இடமில்லை அது. புலிகள் காப்பகம். கரும்பு லாரியை மறித்து நிற்கும் யானைகளை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள். டீக்கடை அண்ணனிடம் ஒயர் கிடைக்குமா என்று கேட்டேன்.

"இந்நேரத்துக்கு எங்கீங்க தம்பி கிடைக்கும்? ஓட்டிட்டே போயிருங்க. கிளட்சு நின்ன வண்டி கிளம்பறதுக்குத்தான். ஓடற வண்டிக்கு அது எதுக்குங்க?"

அவரே வெளியே வந்து சொல்லிக் கொடுத்தார். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ரேஸ் கொடுக்காமல், வண்டியோடு நாலு எட்டு ஓடி, ஏறி உட்கார்ந்த கையோடு ஃபர்ஸ்ட் கியரை மிதிக்க வேண்டும். முதல் தடவை மெதுவாக நடந்தபடியே மிதித்துவிட்டேன். வண்டி ஒரு உதறு உதறி அணைந்துபோனது. இரண்டாம் தடவை அண்ணன் பின்னாலிருந்து தள்ளினார், டொக்கென்று விழுந்தது. திரும்பி நன்றி சொல்லக்கூட முடியவில்லை. நிறுத்தினால் மறுபடி தள்ள வேண்டுமே.

கியர் ஏற்றுவதற்கு அவர் சொன்ன பாடம் இது: "காலை லிவர் மேல லேசா அமுக்கி வெச்சுக்குங்க. அப்புறம் ஆக்சிலேட்டரை வெடுக்குனு மூடுங்க. அதுவா விழும்." அப்படியேதான் விழுந்தது. என்னுடையது ஸ்ப்ளெண்டர், முன்னால் மிதித்தால் ஏறும், குதிகாலால் மிதித்தால் இறங்கும். செகண்டிலிருந்து தேர்டு போனபோது கிளட்ச் பிடித்து மாற்றுவதைவிட மென்மையாக விழுந்ததுபோல் இருந்தது. எனக்கே ஆச்சரியம்.

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. அங்கேதான் உயிர் போகும் என்று நினைத்திருந்தேன். செகண்டில் போட்டுவிட்டு இறங்கினேன், ஒன்றும் ஆகவில்லை. நடுவில் ஒரு வளைவில் நீள லாரி ஒன்று திரும்ப முடியாமல் நின்றுகொண்டிருந்தது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே குதிகாலால் இறக்கி, வண்டி நிற்பதற்குள் நியூட்ரலைப் பிடித்துவிட்டேன். லாரி நகர்ந்ததும் பிரேக்கை விட்டால் இறக்கத்தில் வண்டி தானே உருளத் தொடங்குகிறது. மிதித்தால் கியர். தள்ள ஆள் தேவையில்லை. இதே லாரி ஏற்றத்தில் எனக்கு முன்னால் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

கஷ்டம் எல்லாம் பண்ணாரி தாண்டி சத்தியமங்கலம் ஊருக்குள் வந்த பிறகுதான். பஸ் திரும்பும், ஆடு குறுக்கே போகும், பத்தடிக்கு ஒருதரம் நிற்க வேண்டும். மூன்று தடவை அணைத்து மூன்று தடவை தள்ளிவிட்டு, பேசாமல் ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் உருட்டிப் போட்டேன்.

உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால் சொல்லுங்க.

நாமக்கல் லாரி:

தம்பி, நாங்கள் ஓட்டிய பழைய லாரியில் இதுதான் தினப்படி வேலை. கிளட்சைச் சும்மா ஒருதரம் மிதித்துப் போட்டால் கியர் கரகரவென்று கத்தும். அதனால் டபுள் கிளட்ச்: ஒரு மிதி மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளி, காலை எடுத்து ரேஸ் கொடுத்து, மறுபடி மிதித்துக் கியரை இறக்குவது. கிளீனராக இருக்கும்போதே காது பழகிவிடும். என்ஜின் சத்தமும் வண்டி ஓட்டமும் ஒத்துப்போகிற இடம் வந்தால், கிளட்ச் மிதிக்காமலேகூடக் கியர் கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும்.

அந்தத் தைரியத்தில் ஒருநாள் மகன் பைக்கை எடுத்துக்கொண்டு கொல்லிமலை ஏறினேன். அங்கே 70 வளைவு. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மூடினால் வண்டி உடனே தொய்ந்துவிடுகிறது, கொஞ்சம் தாமதித்தாலும் கணக்குத் தவறிவிடும். ஒரு வளைவில் கியர் இறக்கும்போது இரண்டுக்கும் நடுவில் சிக்கி, என்ஜின் சும்மா கத்துகிறது, வண்டி பின்னால் வருகிறது! பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றி நின்றேன். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன். மகன் பின்னால் உட்கார்ந்து சிரிக்கிறான். அதற்கப்புறம் அந்த வேலைக்குப் போகவில்லை.

பல்லடம் பட்டறை:

கோபி அண்ணன் செய்தது ஆபத்துக்குச் சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு நாளையிலிருந்து தினமும் ஓட்ட ஆரம்பிப்பவர்கள்தான் எனக்குச் சோறு போடப்போகிறவர்கள். அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

பைக் கியர் பாக்ஸில் பல் சக்கரங்கள் எப்போதுமே ஜோடி ஜோடியாகக் கவ்விக்கொண்டுதான் சுற்றும். கியர் மாற்றும்போது பல்லும் பல்லும் மோதிச் சேர்கிறது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. சக்கரத்தின் பக்கவாட்டில் நாலைந்து முட்டுகள் இருக்கும். டாக் என்போம். நீங்கள் லிவரை மிதித்தால் உள்ளே டிரம் என்கிற உருளை திரும்பி, ஃபோர்க் என்கிற கவட்டை அந்தச் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். முட்டு பக்கத்துச் சக்கரத்தின் குழியில் விழும், அவ்வளவுதான். காரில் வேகத்தை ஒத்துப்போக வைக்கிற சிங்க்ரோ வளையம் இருக்கும், பைக்கில் கிடையாது.

என்ஜின் இழுக்கும்போது முட்டு குழியின் ஒரு பக்கச் சுவரில் இறுகி நிற்கும். எவ்வளவு மிதித்தாலும் வெளியே வராது. ஆக்சிலேட்டரை முழுக்க மூடி அப்படியே விட்டால், இப்போது பின் டயர் என்ஜினை இழுக்கும், முட்டு எதிர்ப் பக்கச் சுவரில் இறுகும். இரண்டுக்கும் நடுவில் எந்தப் பக்கமும் பாரம் இல்லாத ஒரு நொடித் துணுக்கு இருக்கிறது. டீக்கடைக்காரர் காலை முன்கூட்டியே அமுக்கி வைக்கச் சொன்னது அந்தத் துணுக்கைப் பிடிக்கத்தான். அவர் முன்னே மெக்கானிக்காக இருந்திருப்பாரோ என்று சந்தேகமாக இருக்கிறது.

இறக்குவது அதைவிடச் சிரமம். கீழ் கியருக்கு அதே ஓட்டத்தில் என்ஜின் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். அதனால் இறக்கும்போது ஒரு சின்ன ரேஸ் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் குதிகாலால் ஓங்கி மிதிப்பவர்களின் டாக் முனைகள் மழுங்கிப்போகும். அப்புறம் ஒருநாள் லோடு ஏற்றிக்கொண்டு முறுக்கும்போது செகண்ட் தானாக எகிறி நியூட்ரலுக்கு வரும். அதைச் சரிசெய்ய என்ஜினை இறக்கி இரண்டாகப் பிளக்க வேண்டும். ஒயர் மாற்றுகிற காசு எங்கே, அந்தக் காசு எங்கே!

திருப்பூர் ஓவர்லாக்:

எனக்கு ஒயர் அறவில்லை, விரல்தான். தையல் மிஷின் ஊசி இடது ஆள்காட்டி விரலில் ஏறிக் கட்டுப் போட்டிருந்தார்கள். கம்பெனிக்கு லீவு எடுத்தால் சம்பளம் போகும். வீட்டுக்காரர் கிளட்ச் பிடிக்காமல் ஓட்டக் கற்றுக் கொடுத்தார். கியர் ஏற்றுவது ஒரே நாளில் வந்துவிட்டது. ஆனால் அவினாசி ரோட்டில் காலை எட்டரை மணிக்கு இதெல்லாம் நடக்காதுங்க. ஒவ்வொரு சிக்னலிலும் நிற்பதற்கு முன்னால் நியூட்ரலைத் தேட வேண்டும், பச்சை விழுந்ததும் சேலையோடு இறங்கித் தள்ள வேண்டும். அதற்குப் பதிலாக மற்ற மூன்று விரலால் கிளட்சைப் பிடித்துப் பார்த்தேன், வலி மண்டைக்கு ஏறியது.

மூன்றாம் நாள் மாமியாரின் டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டை எடுத்துக்கொண்டேன். கியரும் இல்லை, கிளட்ச் லிவரும் இல்லை, முறுக்கினால் போகும். "இதை மொத நாளே எடுத்திருக்கலாமே கண்ணு" என்றார் மாமியார். கேலி செய்தாரா, அக்கறையா, தெரியவில்லை.

தாராபுரம் எஸ்டி:

அப்பாவின் எஸ்டி இன்னும் என்னிடம் இருக்கிறது, மைசூரில் செய்த பழைய வண்டி. அதில் கியர் லிவரை மிதித்தால் கிளட்சும் கூடவே விலகிக்கொள்ளும், கம்பெனி வைத்த ஏற்பாடே அதுதான். கிளம்பும்போதும் நிற்கும்போதும் மட்டும் கையில் பிடித்தால் போதும். அந்த லிவரையே உள்ளே தள்ளி மேலே தூக்கினால் கிக்கர். இன்றைக்குப் பையன்கள் வந்து கிக்கர் எங்கே என்று தேடுவதைப் பார்ப்பதே ஒரு சுகம். 1958-ல் வந்த ஹோண்டா சூப்பர் கப் இன்னும் ஒரு படி மேலே போய்க் கையில் கிளட்ச் லிவரே வைக்காமல் விட்டுவிட்டது. நாம் என்னவோ புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசிக்கொண்டிருக்கிறோம்.

செட்டிபாளையம் பக்கம்:

கோயம்புத்தூர் பக்கம் எங்கள் ஊரில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே ட்ராக்கில் ரேஸ் பார்க்கப் போனால் காதைக் கொடுத்துக் கேளுங்கள். கியர் மாறும் இடத்தில் சத்தம் ஒரு சொடுக்குப்போல் அறுந்து ஒட்டும். குவிக்‌ஷிஃப்டர் உள்ள பைக்கில் லிவர் கம்பியில் ஒரு சென்சார் இருக்கும். கால் பட்டதும் அது கண்ணிமைப்பதற்குள் என்ஜினின் இழுப்பை அறுத்துத் திரும்பக் கொடுக்கும். ஆக்சிலேட்டரை மூடக்கூட வேண்டாம். பல்லடம் அண்ணன் சொன்ன அந்த நொடித் துணுக்கை மனுஷக் கைக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் பிடிக்கிறது.

கோபிக்காரன்:

எல்லோருக்கும் நன்றிங்க. பல்லடம் அண்ணா, நான் சத்தியில் இரண்டு தடவை ரேஸ் கொடுக்காமல் ஓங்கி மிதித்தேன், இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. செகண்ட் இதுவரை எகிறவில்லை.

புது ஒயர் போட்டாயிற்று. கூடவே இன்னொரு ஒயரும் வாங்கி, பழைய வழியிலேயே பக்கத்தில் ஓட்டி, இரண்டு முனையையும் டேப் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன். இனி அறுந்தால் மாட்டுவதற்குப் பத்து நிமிஷம். அடுத்த வாரம் ஆசனூர் வழியாகப் போகிறேன், அந்த அண்ணன் கடையில் நிறுத்தி ஒரு டீ குடிக்க வேண்டும்.