அவணின் கீழ் எலிமென்ற் சூடாவதில்லை

வணக்கம். வீட்டில் இருப்பது 45 லீற்றர், 2000 வாட் மேசை அவண், வாறன்டி முடிந்துவிட்டது. தைப்பொங்கலுக்குப் பிறகு மேல் எலிமென்ற் மட்டும்தான் சிவக்கிறது. கேக் மேலே கருகி, அடி களியாகக் கிடக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு மீற்றர் வைத்துப் பார்த்தேன், கீழ் எலிமென்ற் 53 ஓம் காட்டுகிறது, 1000 வாட்டுக்கு அது சரியான அளவுதான். தேமோஸ்ராற்றும் சரி. மேல், கீழ் மாற்றுகிற சுவிச்சில்தான் ஒரு பின் கறுத்து, வயர் முனை பொரிந்து போயிருக்கிறது. சான்ட் பேப்பரால் தேய்த்து, வயர் முனையை வெட்டிப் புதிதாகப் பூட்டியும், கீழ் நிலைக்குத் திருப்பினால் தொடர்பு காட்டவே இல்லை. திருத்துகிற இடத்தில் புது அவண் வாங்கச் சொல்கிறார்கள், இரண்டு எலிமென்றும் நல்லாய் இருக்கும்போது எறிய மனமில்லை. வெப்பம் தாங்கும், 16 ஆம்பியர், 250 வோல்ட், நான்கு நிலைச் சுற்றும் சுவிச் யாழ்ப்பாணத்தில் எங்கே வாங்கலாம்?