அம்மாவின் அசதிக்கு சத்து மாத்திரையா, சாப்பாடா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். அம்மாவுக்கு 52 வயது, தேயிலை பறிக்கப் போகிறார். இரண்டு மாதமாக ஒரே அசதி. மேடு ஏறினால் பாதியிலேயே இடுப்பில் கை வைத்து நின்றுவிடுகிறார், கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளிறிக் கிடக்கிறது. மருந்துக்கடையில் ஒரு மல்டிவைட்டமின் பாட்டிலைக் கொடுத்தார்கள், 30 மாத்திரையும் தீர்ந்துவிட்டது, மாற்றமே இல்லை.

வைட்டமின் தானாகத் தெம்பு தராது, சோற்றிலும் பருப்பிலும் இருக்கிற சக்தியை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும், அவ்வளவுதான்; குறைபாடு இருந்தால்தான் மாத்திரைக்கு வேலை. அம்மாவோ காலையில் வெறும் டீயும் வர்க்கியும், மதியம் ரசம் சோறு, சாப்பிட்ட கையோடு மறுபடி கடுங்காப்பி மாதிரி கறுத்த டீ. சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது என்று சொன்னால் கேட்பதில்லை. இனி ராகிக் களி, அவரை, கீரை, கூடவே ஒரு நெல்லிக்காய் என்று மாற்றப் போகிறேன். முட்டை, கறி தொடமாட்டார், பாலும் குடிப்பதில்லை, அதனால் பி12 குறைந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்து சாப்பாட்டால் மட்டும் ஏற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா, இல்லை இரும்பு மாத்திரை போட்டே ஆக வேண்டுமா? பி12, தைராய்டு, சர்க்கரை எல்லாம் ஒரே நாளில் பார்த்துவிடலாமா? அப்புறம், குன்னூர், ஊட்டி பக்கம் பொறுமையாகக் கேட்டு மருந்து எழுதும் டாக்டர் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், இந்த வாரமே கூட்டிப் போகிறேன்.