ஓட்டல் டிப்ஸ்: எவ்வளவு வெக்கலாம், யார் கையில குடுக்கறது? (கோவை, திருப்பூர், ஈரோடு)

நொய்யல்கரை கேட்டது:

வணக்கமுங்க. அடுத்த மாசம் வீட்டுல கல்யாணம், திருப்பூர் பக்கம் மண்டபம். அதுக்குள்ள துணி, நகைன்னு ஈரோட்டுக்கும் கோயமுத்தூருக்கும் அலையோணும். ஒறம்பரையோட சேந்து எட்டுப் பத்துப் பேரா ஓட்டல்ல உக்கார்ற மாதிரி வருது. டிப்ஸ் பத்தி ஆளுக்கொரு பேச்சு. அமெரிக்காவுல இருக்கற பங்காளி வீட்டுப் பையன் 20 பர்சென்ட் வெக்கணும்ங்கறான். மாமனார் பத்து ரூபாய்க்கு மேல எதுக்குங்கறார். இப்ப எல்லாம் ஜிபேலதான் கட்டறோம், சில்லறையே கைல இருக்கறதில்லை. பில்லுலயே சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தா அதுதான் டிப்ஸா? மண்டபத்துல பரிமாறுறவங்களுக்கும் தனியாக் குடுக்கோணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சூலூர்_சப்ளை:

பர்சென்ட் கணக்கை மொதல்ல விட்டுருங்க. அது அந்த ஊர்ச் சட்டத்துல இருந்து வந்தது. அமெரிக்க மத்திய சட்டப்படி டிப்ஸ் வாங்கற தொழிலாளிக்கு முதலாளி கைலிருந்து குடுக்க வேண்டியது மணிக்கு 2.13 டாலர்தான். 1991-லிருந்து அது ஏறவே இல்லை. மத்தவங்களுக்கு 7.25. நடுவுல இருக்கற பள்ளத்தை சாப்பிட வர்றவன் ரொப்பணும், ரொம்பலைன்னாத்தான் முதலாளி. (கலிபோர்னியா மாதிரி சில மாநிலத்துல இப்படி டிப்ஸைக் காட்டி சம்பளத்தைக் கழிக்கறது கிடையாது, ஆனாலும் பழக்கம் மட்டும் நிலைச்சுருச்சு.) நம்மூர்ல ஓட்டல் வேலைக்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு, டிப்ஸைக் காட்டி சம்பளத்தைக் குறைக்க வழியில்லை. அதனால இங்க டிப்ஸ் நடைக்கும் கவனிப்புக்கும் குடுக்கறதுங்க, பில் தொகைக்கு இல்லை.

எவ்வளவுன்னா, மெஸ்ல எலை போட்டு சாப்பிட்டா மேசைக்கு 20. தனியாள்னா 10. பரோட்டாக் கடையிலயும் அதே கணக்கு. ஏசி ஹால்ல குடும்பமா உக்காந்து பில் 1,000 – 2,000 வந்தா 50 முதல் 100. நீங்க சொல்ற எட்டுப் பத்துப் பேர் கூட்டத்துக்கு 150 – 200 குறையாம வைங்க. ரெண்டு மேசையைச் சேத்துப் போட்டு, கொழந்தைக்கு காரமில்லாம ஒண்ணு, பெரியவருக்கு சக்கரை இல்லாத காபி ஒண்ணுன்னு ஒரே ஆள் சமையக்கட்டுக்கும் ஹாலுக்கும் நடந்துட்டே இருப்பார். அந்த ஒண்ணரை மணி நேரம் வேற மேசையும் அவருக்குக் கிடைக்காது. ஸ்டார் ஓட்டல்ல மட்டும் 5 – 10 பர்சென்ட் பேசலாம். டோக்கன் வாங்கி நின்னு சாப்பிடற இடம், பேக்கரி டீ, கவுண்டர் பார்சலுக்கு ஒண்ணும் வேண்டாம்.

இனி யார் கைலங்கறது. இதுதான் மெயின். ஆர்டர் எடுக்கற கேப்டன், கொண்டுவந்து வெக்கற சப்ளையர், தட்டெடுத்து மேசை தொடைக்கற கிளீனர்னு மூணு பேர் இருப்பாங்க. பெரும்பாலும் பில் கொண்டுவர்றது கேப்டன். பணத்தை மேசை மேல சும்மா வெச்சுட்டு எந்திரிச்சா மொதல்ல கை வெக்கறது கிளீனர், அதுல உள்ளுக்குள்ள சண்டையே வரும். பில் மடிப்புக்குள்ள வெச்சா கேப்டனுக்கோ பொதுப் பெட்டிக்கோ போகும். சப்ளையருக்குன்னு நினைச்சா அவரைக் கூப்பிட்டுக் கைலயே குடுத்துருங்க, கிளீனருக்குத் தனியா 10 – 20. பெட்டி வெச்சிருக்கற கடையில அதைத் தொறந்து பங்கு பிரிப்பாங்க, சமையக்கட்டு ஆளுக்கும் போகும். "டிப்ஸ் கைக்குங்களா, பெட்டிக்குங்களா"ன்னு கேட்டா மறைக்காம சொல்லிருவாங்க.

இன்னொண்ணு கவனிச்சுப் பாருங்க. 500 குடுத்து மீதி 100 வரணும்னா அது ஒத்தை நோட்டா வராது. சோம்பு, கல்கண்டு தட்டுல 50 ஒண்ணு, 20 ரெண்டு, 10 ஒண்ணுன்னு பிரிச்சு விசிறி மாதிரி பரப்பி வரும். நீங்க எடுத்துட்டு விடறதுக்கு வசதியா கேஷியர்கிட்டயே மாத்திட்டு வர்றது. தப்பில்லை, தொழில் தெரிஞ்ச ஆள்.

கணக்குமேசை:

சர்வீஸ் சார்ஜும் டிப்ஸும் வேறங்க. ஜிஎஸ்டி அரசாங்கத்துக்குப் போற வரி: சாதாரண ஓட்டலுக்கு 5% (2.5 + 2.5). சர்வீஸ் சார்ஜ் கடைக்காரர் அவராப் போடறது, அது கடைக் கணக்குக்குத்தான் வரும். ஆளுங்களுக்கு எவ்வளவு பிரிக்கறார்ங்கறது அவர் விருப்பம்.

2022 ஜூலை 4-ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் போட்டுது: பில்லுல தானா சேக்கக்கூடாது, வேற பேர்லயும் வாங்கக்கூடாது, சாப்பாட்டோட கூட்டி அதுக்கு மேல ஜிஎஸ்டி போடக்கூடாது. ஓட்டல் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போய், டெல்லி ஹைகோர்ட் 2025 மார்ச் 28-ல அவங்க வழக்கைத் தள்ளுபடி பண்ணி வழிகாட்டுதல் செல்லும்னு சொல்லிருச்சு. அதனால "ஸ்டாஃப் வெல்ஃபேர்"னு பேர் மாத்திப் போட்டாலும் எடுக்கச் சொல்லலாம்.

கணக்குப் பாருங்க. சாப்பாடு 1,800. 10% சர்வீஸ் சார்ஜ் 180. ரெண்டையும் கூட்டி 1,980-க்கு ஜிஎஸ்டி 99. மொத்தம் 2,079. சார்ஜ் இல்லைன்னா 1,800 + 90 = 1,890. வித்தியாசம் 189, அதுல 9 ரூபாய் சார்ஜுக்கு மேல போட்ட வரி. இந்த 180-ல பாதியை நேரா சப்ளையர் கைல குடுத்தாலே அவருக்கு சந்தோஷம்.

பில் வந்தவுடனே, பணம் கட்டறதுக்கு முன்னாடி சொல்லிருங்க: "சர்வீஸ் சார்ஜ் எடுத்துட்டு வேற பில் போடுங்க." கட்டினதுக்கப்பறம் கேட்டா பில்லை கேன்சல் பண்ணணும், மேனேஜர் வரணும், இழுக்கும். மாட்டேன்னா பில்லை போட்டோ எடுத்து வெச்சுட்டு 1915-க்குக் கூப்பிடுங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண். சப்ளையர்கிட்ட சத்தம் போட்டு பிரயோசனமில்லை, பில் போடறது அவர் இல்லை.

ஜிபே விஷயம்: கடை க்யூஆர்ல பில்லுக்கு மேல போட்டுவிடாதீங்க. 940-க்கு 1,000 போட்டா அந்த 60 முதலாளி கரண்ட் அக்கவுண்டுல உக்காந்துக்கும். ராத்திரி கணக்கு முடிக்கறப்ப பில் ஒண்ணும் வரவு ஒண்ணுமா நிக்கும், எந்த மேசைதுன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. 1,000 போடறதுக்கு முன்னாலயே கேஷியர்கிட்ட "60 பணமாக் குடுங்க"ன்னு சொல்லிட்டுப் போடுங்க, கூட்டமில்லாத நேரம்னா குடுப்பாங்க. சப்ளையரோட சொந்த நம்பருக்கு அனுப்பறதும் உண்டு, ஆனா ஹால்ல போன் எடுக்கவே விடாத கடை இருக்குது, அங்க கேட்டு சங்கடப்படுத்த வேண்டாம். பத்து ரூபாய் நாணயத்தை வாங்கத் தயங்கினாங்கன்னா, எல்லா வடிவமும் செல்லும்னு ரிசர்வ் வங்கி பல தடவை சொல்லியாச்சு.

கார்டுல "டிப்ஸ்"னு தனியாப் போட்டா ஓட்டல் வாங்கி ஆளுக்குப் பிரிச்சுக் குடுக்கணும். அது சம்பளமாகாது, ஓட்டல் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கற வருமான வரி) பிடிக்க வேண்டியதில்லைன்னு 2016-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்குது. வாங்கினவர் கணக்குல மத்த வருமானமா வரும், அவ்வளவுதான்.

வாளையார்_ரோடு:

நான் ஒத்துக்க மாட்டேனுங்க. டிப்ஸ் ஏற ஏற முதலாளி "உனக்குத்தான் மேல வருமானம் வருதே"ன்னு சம்பளத்தை ஏத்தாம ஓட்டறார். ஒடிசாவுல இருந்தும் பீகார்ல இருந்தும் வந்து பின்னால பாத்திரம் கழுவறவனுக்கு அதுல ஒரு ரூபாய் கிடையாது.

சூலூர்_சப்ளை:

@வாளையார்_ரோடு பாத்திரக்காரருக்குப் போறதில்லைங்கறது உண்மைதான். அதுக்குத்தான் பெட்டி இருக்கற கடையில பெட்டியிலயே போடுங்கன்னு சொல்றது. ஆனா நீங்க வெக்காததால எந்த முதலாளியும் சம்பளம் ஏத்தப் போறதில்லை.

பந்தி_மேஸ்திரி:

மண்டபத்துக்கு வர்றேன். சமையல், பரிமாறல், எலை எடுக்கறது – பாத்திரம், மூணும் பெரும்பாலும் மூணு செட்டு. கூலி கான்ட்ராக்டர் குடுத்துருவார். பேசறப்பவே "பரிமாற எத்தனை ஆள், டிப்ஸ் உங்க ரேட்டுல சேந்ததா"ன்னு கேட்டு ஒப்பந்தத் தாள்ல எழுதி வாங்கிக்குங்க. எழுதலைன்னா கடைசி பந்தி முடிஞ்சதும் நாலு பேர் வந்து நிப்பாங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால பேரம் பேச முடியாது.

குடுக்கறதா இருந்தா ஆளுக்கு 100 போதும். மொத்தமா மேஸ்திரிகிட்ட குடுத்தா எல்லாருக்கும் போச்சான்னு தெரியாது, அதனால கவர்ல தனித்தனியாப் போட்டு, வீட்டாள் ஒருத்தரை இதுக்குன்னே நிறுத்துங்க. நேரம் முக்கியம்: கடைசிப் பந்திக்கு எலை போடறப்பவே குடுத்துரணும். பாயசம் ஊத்தி முடிச்சதும் பரிமாறுற செட்டு வேன் ஏறிருவாங்க, அடுத்த மண்டபம் காத்திருக்கும். எலை எடுக்கற அம்மாக்கள், பாத்திரம் கழுவறவங்க கடைசியா நிப்பாங்க, கவர் தீர்ந்துபோறதும் அவங்ககிட்டத்தான். அவங்க கவரை மொதல்ல எண்ணி எடுத்து வெச்சுருங்க. தலைமைச் சமையல்காரருக்கு வெத்தலை பாக்கோட வேட்டி துண்டு வெக்கறது நம்ம பக்கத்து மரியாதை, அதை டிப்ஸ் கணக்குல சேக்காதீங்க.

நொய்யல்கரை:

ரொம்ப நன்றிங்க. கவர் யோசனை அருமை. அப்படியே ஒண்ணு: வீட்டுக்கு சிலிண்டர் போடறவர் ஒவ்வொரு தடவையும் 50 கேக்கறார். அதும் டிப்ஸா?

கணக்குமேசை:

இல்லைங்க. பில்லுல இருக்கற விலையிலயே வீட்டுக்குக் கொண்டாந்து குடுக்கற கூலி அடங்கிருச்சு. ஏஜென்சி குடோன்ல நீங்களே போய் எடுத்தா அந்தக் கூலியைக் கழிச்சுத் தரணும். 14.2 கிலோ கேஸ், இரும்பையும் சேத்தா 30 கிலோ கிட்ட வரும். லிஃப்ட் இல்லாத மூணாவது மாடின்னா 20 – 30 நீங்களா விருப்பப்பட்டுக் குடுங்க. கீழ் வீட்டுக்கே கட்டாயமாக் கேட்டா பில்லை வாங்கி வெச்சுட்டு 1800 2333 555-ல சொல்லுங்க, கேஸ் கம்பெனிகளோட இலவச நம்பர்தான்.