'வி ஃபார் வெண்டெட்டா': ஈவியை அடைத்துவைத்ததை எப்படி எடுத்துக்கொள்வது?

பழையரீல் (கேள்வி)

சிரிக்கும் முகமூடி மாட்டிய 'வி' என்பவன் சர்வாதிகார அரசை எதிர்த்து நிற்கும் ஆங்கிலப் படம் இது. அவனோடு சேரும் பெண்தான் ஈவி. இந்தப் படத்தை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். முதல் தடவை 2006-இல், வந்த புதிதில். கடைசியில் பாராளுமன்றம் வெடித்துச் சிதறியபோது நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைதட்டினேன். இரண்டாவது தடவை பாதியில் தூங்கிவிட்டேன், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மூன்றாவது தடவை போன வாரம், அக்கா மகளோடு. அவளுக்குப் பதினேழு வயது. அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

படம் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முடிச்சை அவிழ்க்கப் போகிறேன்.

ஈவிக்கு அடைக்கலம் தந்த கார்டன் என்பவரின் வீட்டுக்குள் அரசின் ஆட்கள் நுழைந்ததும் ஈவி பிடிபடுகிறாள். தலையை மழிக்கிறார்கள், தண்ணீரில் அமுக்குகிறார்கள், 'வி' எங்கே என்று கேட்கிறார்கள். சுவரில் இருக்கும் எலிப் பொந்தில் வலேரி என்ற பெண் எழுதிய கடிதம் கிடைக்கிறது. அதைப் படித்துப் படித்தே ஈவி உறுதி அடைகிறாள். காட்டிக்கொடுப்பதைவிடச் சாவதே மேல் என்று சொன்னதும் கதவு திறக்கிறது. வெளியே காவலுக்கு நிற்பது துணிக்கடை பொம்மை. சிறையே பொய். அத்தனையும் செய்தது 'வி'.

2006-இல் எனக்கு இது 'அடடா' என்ற திருப்பம். இப்போது பக்கத்தில் இருந்தவள் படத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "மாமா, அப்போ இவனும் அவங்களும் ஒண்ணுதானே?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அது ஒரு பாடம், அவளுடைய பயத்தைப் போக்கத்தான் என்று ஏதோ உளறினேன். "அடிக்கிற எல்லாருமே அதைத்தான் சொல்வாங்க" என்றாள்.

நண்பர்களே, இதை எப்படிப் பார்க்கிறீர்கள்? படம் 'வி' பக்கம் நிற்கிறதா, இல்லை நாம்தான் அவன் பக்கம் போய் நின்றுவிட்டோமா?

மோனைப்பித்தன்

உங்கள் அக்கா மகளுக்கு என் வணக்கம்.

ஆனால் ஒன்று. கடிதம் பொய் இல்லை. அரசின் லார்க்ஹில் சிறைமுகாமில் 'வி' முன்பு அடைபட்டிருந்தபோது பக்கத்து அறையில் இருந்த வலேரி, கழிவறைக் காகிதத்தில் எழுதி அவனுக்குத் தந்தது அது. அவனை மனிதனாக வைத்திருந்ததே அந்தக் காகிதம்தான். தனக்கு வந்ததை அப்படியே அடுத்தவள் கையில் கொடுக்கிறான். பயமில்லாமல் இருக்க ஆசை என்று முன்பே ஈவிதானே சொன்னாள்? அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது. சரி என்று சொல்லவில்லை, புரிகிறது என்கிறேன்.

சம்பந்தமில்லாத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் 'வி' எழுத்திலேயே சொற்களை அடுக்கி ஒரு அறிமுகப் பேச்சு பேசுவானே, அதைத் தமிழில் வகரத்திலேயே எழுதிப் பார்த்தேன். வஞ்சம், வதை, வன்மம், வேடம், வெறி, வேள்வி, விதி, விடியல்... நிற்காமல் வருகிறது. ஆங்கிலத்தில் வித்தையாகத் தெரிவது நமக்கு வெறும் மோனை.

விளக்குக்காரன்

நாடகங்களுக்கு ஒளியமைப்பு செய்கிறவன் நான். அதனால் என் கண் வேறு பக்கம் போகும்.

விசாரணைக் காட்சிகளைத் திரும்பப் பாருங்கள். வெளிச்சம் முழுக்க ஈவி முகத்தில். கேட்கிறவன் வெறும் நிழல். முதல் தடவை பார்க்கும்போது சர்வாதிகாரப் படங்களில் வழக்கமாக வரும் விளக்கு என்று கடந்துவிடுவோம். இரண்டாவது தடவைதான் தெரியும், முகத்தைக் காட்டினால் குட்டு உடைந்துவிடும், அதற்காகவே வைத்த இருட்டு. ஆனால் அந்தத் தந்திரத்துக்குள் இன்னொன்றும் இருக்கிறது: அரசின் விசாரணை அதிகாரியும் 'வி'யும் ஒரே மாதிரி இருட்டில் நிற்க முடிகிறது. இயக்குநர் ஜேம்ஸ் மெக்டீக் இதைத் தெரியாமல் செய்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

முகமூடி விஷயமும் அப்படித்தான். முதலில் அதை மாட்டி நடித்தவர் ஜேம்ஸ் ப்யூரிஃபாய். சில வாரங்களில் விலகிவிட்டார். பிறகு வந்தவர்தான் ஹ்யூகோ வீவிங். ஆள் மாறியும் படம் நின்றது. உதடு அசையாத முகத்துக்குள் யார் இருந்தாலும் 'வி'தான். குரலைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். அந்த ஒரே சிரிப்பு சோகமாகவும் கோபமாகவும் தெரிவது தலையின் சாய்வாலும் விளக்காலும்தான்.

இப்போது சமையலறைக் காட்சிக்கு வாருங்கள். 'வி' சமையல் அங்கி கட்டிக்கொண்டு ரொட்டித் துண்டின் நடுவில் ஓட்டை போட்டு முட்டை பொரிக்கிறான். கையுறை இல்லை. வெந்து சுருங்கிய விரல்களை ஈவி பார்த்துவிடுகிறாள். உடனே மறைத்துக்கொள்கிறான். தன் காயத்தை ஒரு நிமிடம் பார்க்க விடாதவன், அவள் காயத்தைத் தன் கையாலேயே உண்டாக்குகிறான். எனக்கு இந்தப் படத்தில் மிகக் கொடுமையான இடம் சிறை இல்லை, இந்த முட்டைதான். உங்கள் அக்கா மகள் கேட்டது நியாயமான கேள்வி.

நடுநிசி

எல்லாரும் 'வி'யைப் பற்றியே பேசுகிறீர்கள். சர்வாதிகாரி சட்லராக வரும் ஜான் ஹர்ட், 1984-இல் வந்த 'நைன்டீன் எய்ட்டி ஃபோர்' படத்தில் வின்ஸ்டனாக நடித்தவர். அங்கே சித்திரவதை அறையில் உடைந்துபோகும் அதே முகம், இங்கே பெரிய திரையிலிருந்து எல்லாரையும் அதட்டுகிறது. அடைபட்டவனும் அடைப்பவனும் ஒரே ஆள். பதினேழு வயதுக்காரிக்கு இதைச் சொல்லுங்கள், குஷியாகிவிடுவாள்.

அப்புறம், போராட்ட ஊர்வலங்களில் பலர் மாட்டிய அந்த முகமூடி, உரிமம் பெற்றது ஒவ்வொன்று விற்றபோதும் படத்துக்கு உரிமையுள்ள பெரிய நிறுவனத்துக்கும் ஒரு பங்கு போனது. இதையும் சொல்லலாம். குஷி போய்விடும்.

பழையரீல்

மூவருக்கும் நன்றி. ஜான் ஹர்ட் விஷயம் எனக்கே தெரியாது.

முட்டைக் காட்சியை நேற்று இரவு மறுபடி போட்டுப் பார்த்தேன். விளக்குக்காரன் சொன்னது சரி. ஆனால் அதற்குப் பிறகு என் சங்கடம் குறையவில்லை, இடம் மாறிவிட்டது. பொம்மைக் காவலாளியைப் பார்த்த ஈவி கத்துகிறாள், மூச்சுத் திணறுகிறாள், அவனை வெறுக்கிறேன் என்கிறாள். அங்கே நாடலி போர்ட்மேன் நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தலை மழித்ததை ஒரே தடவையில், பல கேமராக்கள் வைத்து எடுத்தார்களாம். அந்த அதிர்ச்சி அவர் முகத்தில் அப்படியே இருக்கிறது. ஆனால் படம் அவள் கோபத்தோடு நிற்பதில்லை. உடனே மொட்டை மாடி, மழை, விரித்த கைகள். முகாம் எரிந்தபோது நெருப்பிலிருந்து 'வி' கைவிரித்து வந்த காட்சியோடு மாறி மாறி ஒட்டி, பின்னணி இசையையும் ஏற்றி, அவள் கோபத்தைக் கழுவி விடுகிறார்கள். எனக்கு உறுத்துவது 'வி' செய்தது மட்டுமில்லை, இந்த அவசரமும்தான். 22,000 டோமினோ கட்டைகளை 200 மணி நேரம் பொறுமையாக அடுக்கிய படம் இது. ஈவி கோபப்பட இன்னும் ஐந்து நிமிடம் கொடுத்திருக்கலாம்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். கடைசியில் வெடிகுண்டு ரயிலின் நெம்புகோலை 'வி' தொடுவதில்லை. வரப்போகும் உலகம் தன்னுடையது இல்லை என்று ஈவியிடம் விட்டுவிட்டுச் சாகப் போகிறான். தனக்குத் தானே எழுதிக்கொண்ட தீர்ப்பு மாதிரி அது இப்போது எனக்குத் தெரிகிறது. இதைத்தான் பெரிய கண்டுபிடிப்பாக அவளிடம் போய்ச் சொன்னேன்.

"சரி மாமா, ஆனா அவன் சாரி சொல்லவே இல்லையே" என்றாள். டாக்டர் டெலியா இருக்கிறாளே, முகாமில் இவன் மேல் சோதனை செய்தவள், அவள் மன்னிப்புக் கேட்டதும் 'வி' ஏற்றுக்கொள்கிறான் இல்லையா, அதை ஞாபகம் வைத்திருக்கிறாள். வலிக்காத சாவைத்தான் அவளுக்குக் கொடுக்கிறான். ஆக, மன்னிப்பு என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும்.

அந்தக் காட்சியை இப்போது நான்காவது தடவையாகப் பார்க்கப் போகிறேன்.