சூரை மீன் சிவப்புச் சதைப் பொடியை "புற்றுநோய் எதிர்ப்பு" என்று விற்கலாமா?

நொதிக்கலன்:
டின் ஆலையில் சூரையின் வெள்ளைச் சதை டப்பாவுக்கு, சிவப்புச் சதை பெரும்பாலும் தீவனத்துக்கு. 2011-இல் தைவான் ஆய்வாளர்கள் அந்தச் சிவப்புச் சதையை பப்பாயின் நொதியால் சிதைத்து, 12 அமினோ அமிலம் கொண்ட ஒரு பெப்டைடைப் (சிறு புரதத் துண்டு) பிரித்தார்கள். எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுச் செல்களின் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்க 8.1 மைக்ரோமோலார் செறிவு போதுமாக இருந்தது. சிதைத்த பொடியை அந்தப் பெயரிலேயே விற்கலாம் என்கிறேன்.

செல்தட்டு:
அது தூய பெப்டைடின் அளவு, மி.லி.க்குச் சுமார் 10 மைக்ரோகிராம். உங்கள் பொடி பல நூறு பெப்டைடுகளின் கலவை. மி.லி.க்குப் பல மில்லிகிராம் போட்டால்தான் வேலை தெரியும், அந்த அளவில் உப்பே செல்லை வாட்டும். நம் ஆலையில் சதையைச் சிதைக்க அல்கலேஸ் நொதி போடும்போது பிஎச் 8-ஐ நிறுத்த சோடியம் ஹைட்ராக்சைடு விடுகிறோம், கடைசியில் அமிலம் விட்டு நடுநிலைக்குக் கொண்டுவருகிறோம். இரண்டும் சேர்ந்து உப்பு. 3 கிலோடால்டனுக்கு மேற்பட்ட பெரிய மூலக்கூறுகளை மட்டும் நிறுத்தும் வடிகட்டிச் சவ்வு அதைத் தடுக்காது. பெப்டைடோடு கூடவே இறங்கிவிடும். பொடியில் 15% உப்பு, மி.லி.க்கு 10 மி.கி. பொடி என்று கணக்குப் போடுங்கள்: செல் வளரும் ஊடகத்தில் கரைபொருள் அடர்த்தி 290-லிருந்து 340 மில்லிஆஸ்மோலுக்கு ஏறும்.

நொதிக்கலன்:
ஒப்புக்கொள்கிறேன். நானோ வடிகட்டலில் தண்ணீர் விட்டு விட்டுக் கழுவினால் உப்பு குறையும். அதே ஆஸ்மோலுக்கு வெறும் உப்பு சேர்த்த ஊடகத்தையும் ஒப்பீடாக வைக்கலாம். வயிற்றில் செரித்துவிடும் என்பீர்கள். அந்தப் பெப்டைடின் அமினோ அமில வரிசையில் லைசினும் இல்லை, ஆர்ஜினினும் இல்லை. அந்த இரண்டுக்கும் பின்னால் மட்டுமே வெட்டும் செரிமான நொதி டிரிப்சினுக்கு இடமே கிடையாது.

செல்தட்டு:
டிரிப்சின் மட்டுமா இருக்கிறது? லியூசின் பக்கம் பெப்சினும் கைமோடிரிப்சினும் வெட்டலாம், அலனினுக்குப் பின் எலாஸ்டேஸ். தப்பினாலும், குடல் சுவரின் பெப்ட்-1 கடத்தி இரண்டு மூன்று அமினோ அமிலத் துண்டுகளைத்தான் ஏற்றும். பிஎச் 3-ல் பெப்சின் 2 மணி நேரம், பிஎச் 7-ல் கணைய நொதிகள் 2 மணி நேரம் கொடுத்துவிட்டு அப்புறம் செல்லில் போடுங்கள். பக்கத்திலேயே புற்று இல்லாத சாதாரண ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களும் இருக்கட்டும். அவையும் சேர்ந்து செத்தால் அது வெறும் நச்சு.

ஐஸ்பெட்டி:
இருவரும் சரக்கை விட்டுவிட்டீர்கள். சூரையில் ஹிஸ்டிடின் அதிகம்; ஐஸ் தவறினால் பாக்டீரியா அந்த அமினோ அமிலத்தை ஹிஸ்டமின் என்ற நச்சாக்கிவிடும். நொதியை அடக்க 95 டிகிரிக்குச் சூடாக்கினாலும் ஹிஸ்டமின் அழியாது. வெறும் 111 டால்டன் என்பதால் உங்கள் 3 கிலோடால்டன் சவ்விலும் நிற்காது. மீன் வந்து இறங்கும்போதே பார்த்துக் கழிக்க வேண்டும்.

நொதிக்கலன்:
வாய்வழிப் பொடிக்கு அந்தப் பெயர் வேண்டாம், சரி. ஆனால் அந்த 12 அமினோ அமிலப் பெப்டைடைத் தயாரித்து ஊசி வழியாக எலியில் பார்ப்பதை விடக் கூடாது.

செல்தட்டு:
பாருங்கள், அவசியம் பாருங்கள். ஆனால் 12 அமினோ அமிலத்தை ரசாயன முறையிலேயே கோத்துவிடலாம், அதற்குச் சிவப்புச் சதை வேண்டியதில்லை. பொடியைப் புரதம் என்றே விற்போம். கீமோ எடுக்கிறவர் பொட்டலத்தைப் படித்துவிட்டு ஒரு சுற்று மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.