மறு: எரிபொருள் தொட்டியில் சீலன்ட்: பூச்சா, அடைப்பானா, பற்றா?

அன்புள்ள குழுவினருக்கு,

விமான எரிபொருள் தொட்டியில் கசிவை அடைக்கப் பயன்படும் களிம்பான சீலன்ட்டுக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற நம் பேச்சுக்கு இது என் பதில்.

> சீலன்ட்டுக்குக் 'காப்புப் பூச்சு' போதுமே. உள்ளே பூசுகிறார்கள், கசிவு நிற்கிறது.

போதாது ஐயா. வீட்டில் கட்டும் சிறு விமானத்தைப் பற்றி எழுதும்போது 'பூச்சு' என்றால் வேலையே தவறாகப் புரிந்துவிடும். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம்.

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்து வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்வி-7 விமானத்தை எடுத்துக்கொள்கிறேன். பாகங்களைத் தொகுப்பாக வாங்கி வீட்டுக் கொட்டகையில் கட்டுகிறார்கள். அதில் தொட்டி என்று தனிப் பாத்திரம் கிடையாது, இறக்கையின் முன்விளிம்பில் ஒரு பகுதியே தொட்டி. வளைந்த அலுமினிய மேல்தகடு, உள்ளே குறுக்காக ரிப்புகள் (இறக்கைக்கு வடிவம் தரும் விலாத் தகடுகள்), பின்னால் ஒரு தடுப்புத் தகடு. இரண்டு இறக்கையிலும் சேர்த்து 42 கேலன், அதாவது ஏறத்தாழ 159 லிட்டர். இதைச் சேர்த்துப் பிடிப்பவை நூற்றுக்கணக்கான ரிவெட்டுகள், அதாவது துளையில் செருகி முனையை நசுக்கி அடிக்கும் ஆணிகள். ரிவெட் ஒவ்வொன்றும் தகட்டில் ஒரு துளை, எனவே கசிய ஒரு வழி.

அடைக்கப் பயன்படுவது பாலிசல்ஃபைடு என்ற கந்தக ரப்பர். வெள்ளைக் களிம்பு 10 பங்கு, கறுப்பு இறுக்கி 1 பங்கு, எடைக் கணக்கில். வரி வரியாகத் தெரியாமல் ஒரே சாம்பல் நிறம் வரும்வரை கலக்க வேண்டும். பலரும் வாங்கும் பி-2 வகை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வேலைக்கு இளகியிருக்கும். வெப்பம் கூடினால் அந்த நேரமும் குறையும். தகடுகள் ஒட்டும் இடத்தை உரசிச் சொரசொரப்பாக்கி, கரைப்பானால் துடைத்து, களிம்பைத் தடவி, இறுகும் முன்பே ரிவெட் அடிக்கிறார்கள். தகடுகள் நெருங்கும்போது களிம்பு ஓரத்தில் பிதுங்கி வர வேண்டும். பிதுங்காத இடத்தில் இடைவெளி நிரம்பவில்லை. அதற்குப் பிறகு ரிப்பும் தகடும் சேரும் மூலை நெடுக இன்னொரு பட்டை, உள்ளே நீட்டியிருக்கும் ரிவெட் வால் ஒவ்வொன்றின் மீதும் ஒரு குமிழ்.

ஆக, களிம்பு தகடுகளுக்கு நடுவில் ஒருமுறை, மூலையில் ஒருமுறை, ரிவெட் மேல் ஒருமுறை என்று வருகிறது. இவற்றில் எதுவும் பூச்சு இல்லை.

பூச்சு என்று ஒன்று உண்மையிலேயே இருந்தது. முன்பெல்லாம் கட்டி முடித்த தொட்டிக்குள் ஒரு திரவத்தை ஊற்றி, தொட்டியைப் புரட்டிப் புரட்டி உட்புறம் முழுக்கப் படலமாகப் படிய விடுவார்கள். சில ஆண்டுகளில் அந்தப் படலம் உரிந்து, எரிபொருள் உறிஞ்சும் குழாயின் வலையில் போய் அடைத்துக்கொண்டது. பறக்கும்போது என்ஜினுக்கு எரிபொருள் நிற்பது என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. இன்று அதைக் கைவிட்டுவிட்டார்கள். இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், தமிழில் படித்துக் கற்பவர் செய்யவேண்டியதையும் செய்யக்கூடாததையும் எப்படிப் பிரிப்பார்? 'பூச்சு' அந்த உரியும் படலத்துக்கே இருக்கட்டும்.

'அடைப்பான்' மாட்டு நோய்க்குப் பெயராகிவிட்டது. வால்வு, மூடி என்றும் பொருள் கொள்கிறார்கள். 'முத்திரை' வேண்டவே வேண்டாம், அது தபால் நிலையத்துக்கு உரியது.

தூத்துக்குடி நண்பர் சொன்ன 'கலப்பற்று' எனக்கு மிகவும் பிடித்தது. தோணிப் பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து நீர் புகாமல் செய்யும் வேலை. அரபு மூலம் என்கிறார்கள், நம் வாயில் அது கலம், பற்று என்று அழகாக விழுந்திருக்கிறது. ஆனால் அது பலகை பொருத்திய பிறகு இடுக்கில் செய்வது. இங்கே முதல் களிம்பு ரிவெட்டுக்கு முன்பே உள்ளே போய்விட வேண்டும். அதனால் முழுச்சொல்லை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன்: பற்று. சுக்கை அரைத்து நெற்றியில் பற்றுப் போடுகிறோமே, அதே சொல். களிம்பாகப் போட்டு, இறுகிப் பிடித்துக்கொள்வது.

தகடுகளுக்கு நடுவில் வருவது இடைப்பற்று. மூலையில் வருவது மூலைப்பற்று. ரிவெட் மேல் வருவது குமிழ்ப்பற்று.

> பற்று வரவுக் கணக்கோடு குழம்பாதா? 'பற்றவைத்தல்' வேறு இருக்கிறதே!

கணக்கோடு குழம்பாது, இடம் பார்த்தாலே தெரியும். இரண்டாவது எச்சரிக்கைக்கு நன்றி, அது முக்கியமானது. பெட்ரோல் தொட்டியைப் பற்றிய குறிப்பில் 'பற்றவைக்கவும்' என்று ஒருவர் தவறியும் எழுதிவிடக்கூடாது. வினைச்சொல் 'பற்றிடு' என்று மட்டும் இருக்கட்டும். பற்றிட்டான், பற்றிட்ட மூலை, பற்றிடும் துப்பாக்கி எல்லாம் இயல்பாகவே வருகின்றன.

பொருளின் பெயருக்கும் இது ஒத்துப்போகிறது. பாலிசல்ஃபைடு ரப்பரை முதலில் விற்ற தயோகால் நிறுவனத்தின் பெயரே கந்தகம், பசை என்ற கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. கந்தகப் பற்று என்றால் அதன் வாடையை அறிந்த யாருக்கும் உடனே விளங்கும்.

சோதனைக்குக் 'கசிவுச் சோதனை' என்பதே சரி. சதுர அங்குலத்துக்கு 1 பவுண்டு அளவே காற்றழுத்தம் கொடுத்து, மூட்டுகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். தொட்டியின் வாயில் பலூனைக் கட்டி, அது சுருங்குகிறதா என்று பார்ப்பதும் உண்டு, ஆனால் இரவுக் குளிரிலும் பலூன் சுருங்கும், அதை மட்டும் நம்ப முடியாது. பறக்கத் தொடங்கிய பிறகு கசிந்தால், 100எல்எல் என்ற சிறு விமானப் பெட்ரோலில் சேர்த்த நீலச் சாயம் ரிவெட் ஓரத்தில் கறையாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. கடைசியாகப் பின்தடுப்புத் தகட்டைப் பொருத்தும்போது தொட்டி மூடிவிடும், உள்ளே கை போகாது. அதனால் மேல்தகட்டில் முன்கூட்டியே தடிமனான பட்டையாகக் களிம்பை வைத்து, தடுப்புத் தகட்டை உள்ளே தள்ளுகிறார்கள். தகடு தள்ளத் தள்ளக் களிம்பு தானே உள்மூலையில் சேர்ந்துகொள்கிறது. இதை மூலைப்பற்று என்றே சொல்லலாமா, அல்லது 'தள்ளுபற்று' என்று தனிச்சொல் வேண்டுமா? கண்ணால் பார்த்துச் சரிசெய்ய முடியாத ஒரே இடம் என்பதால் தனிச்சொல்லின் பக்கமே சாய்கிறேன். தச்சு, கொல்லு, படகு வேலை தெரிந்தவர்கள் வேறு சொல் வைத்திருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்