புதுப்பிப்பு: பொங்கலுக்கு 20 பேர் வந்தால் எவ்வளவு பெரிய பானை?

ஊரிலிருந்து வரும் சொந்தங்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்க, 1 கிலோ பச்சரிசிக்கு 8 லிட்டர் பானை போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். போதாது, 10 லிட்டர் வேண்டும். அரிசியோடு கால் கிலோ பாசிப்பருப்பு, பாலும் தண்ணீருமாக 6 லிட்டர், ஒன்றரைக் கிலோ வெல்லம் எல்லாம் சேர்ந்தால் கிளற இடமே இருக்காது.

“அப்போ பால் எப்படிப் பொங்கி வழியும்?” என்று கேட்டிருந்தார்கள். கழுத்து வரை கூடுதலாகத் தண்ணீர் விட்டுப் பொங்க விடுங்கள். குலவை முடிந்ததும் இரண்டு மூன்று லிட்டர் மொண்டு தனியே வைத்துவிட்டு அரிசியைப் போடுங்கள். வேக வேக அந்தத் தண்ணீரையே திரும்ப ஊற்றலாம்.

அடுத்து, அரிசி நறுக்கென்று நிற்கும் புகார். வெல்லம் விழுந்தபின் அரிசி வேகாது. ஒரு பருக்கையை விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியக் கூடாது, அதுவரை பொறுங்கள். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, தீயைக் குறைத்த பிறகே ஊற்றுங்கள். கொதிக்கும் பாலில் நேராகப் போட்டால் திரியும். மண்ணும் பல்லில் நெறநெறக்கும்.

நெய் 300 கிராம். பாதியைக் கடைசியில் விட்டால்தான் வாசனை நிற்கும்.

கனுப்பிடி (பொங்கலுக்கு மறுநாள் காலை மஞ்சள் இலையில் காக்கைக்குச் சோற்றுப் பிடி வைப்பது) வைக்கும் வீடாக இருந்தால், பானையில் கட்டிய மஞ்சள் கொத்தின் இலைகளை அன்றே நறுக்கி ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். வெயிலில் விட்டால் மறுநாள் காலைக்குள் சுருண்டுவிடும். பிடிக்கு ஒரு கிண்ணம் பொங்கலையும் ஒளித்து வைப்பது நல்லது, பிள்ளைகள் விட்டு வைக்க மாட்டார்கள்.